ஆஸ்திரேலிய அவார்டின் வரம்பை மாற்றக் கோருவது எப்படி

ஆஸ்திரேலியாவில் ஒரு தொழிலாளிக்குக் குறைந்தது எவ்வளவு ஊதியம் தர வேண்டும், ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு எவ்வளவு கூடுதல், இடைவேளை எப்போது என்பவற்றையெல்லாம் அவருடைய தொழிலுக்கோ வேலைக்கோ உரிய அவார்டு என்னும் சட்டபூர்வ ஆவணம் வகுத்து வைத்திருக்கிறது. 2009ஆம் ஆண்டின் ஃபேர் வொர்க் சட்டத்தின் கீழ், 2010 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள இந்த நவீன அவார்டுகள் சுமார் 120. காலப்போக்கில் தொழில்கள் மாறுகின்றன. அவார்டின் சொற்கள் எழுதப்பட்டபடியே நிற்கின்றன. அப்போது சில தொழிலாளர்கள் எந்த அவார்டுக்குள் வருகிறார்கள் என்பது மங்கலாகிவிடுகிறது, அல்லது பொருத்தமில்லாத ஓர் அவார்டுக்குள் போய் விழுகிறார்கள். அத்தகைய நிலையில் அவார்டின் வரம்பை, அதாவது அது யார்யாருக்கு உரியது என்பதை, மாற்றும்படி ஃபேர் வொர்க் கமிஷன் என்னும் பணி உறவு ஆணையத்திடம் விண்ணப்பிக்க நினைக்கும் தொழிற்சங்கப் பொறுப்பாளர், வணிகர் சங்கச் செயலாளர், தனி முதலாளி அல்லது தொழிலாளி செய்ய வேண்டியவை இங்கே கூறப்படுகின்றன.

பழைய முறை வேறாக இருந்தது. ஓர் அவார்டு எந்தெந்த முதலாளிகளைக் கட்டுப்படுத்தும் என்பதைப் பெரும்பாலும் அதனுடன் இணைந்த பெயர்ப்பட்டியலே சொன்னது. தொழிற்சங்கம் தன் கோரிக்கைகளை ஒவ்வொரு முதலாளிக்கும் சேர்ப்பித்து, தகராறு உண்டு என்று நிறுவ வேண்டியிருந்தது. விடுபட்டவர்களை இழுத்துச் சேர்ப்பதற்கென்றே தனி அவார்டுகள் பிறப்பிக்கப்பட்டன. இன்று அந்தப் பட்டியல் வேலை இல்லை. சட்டத்தின் 143ஆம் பிரிவின்படி முதலாளிகளைப் பெயராலும் குறிக்கலாம், வகையாலும் குறிக்கலாம். தொழிலாளர்களை வகையால் மட்டுமே குறிக்க முடியும். ஆகவே, "எங்கள் கிடங்கில் உள்ள இன்னின்னாரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று கேட்க வழியில்லை. அவர்கள் செய்யும் வேலையையோ அவர்கள் இருக்கும் தொழிலையோ வகையாக வரையறுத்துத்தான் கேட்க வேண்டும்.

இப்போது எங்கே நிற்கிறார்கள்?

விண்ணப்பத்தின் முதல் வரியை எழுதுவதற்கு முன்பே விடை காண வேண்டிய கேள்வி இது. வழக்கின் பெரும்பகுதி இதில்தான் தீர்மானமாகிறது என்பது என் கருத்து. வரம்பை மாற்றக் கோருவோர் பலர் தங்கள் தொழிலாளர்களுக்கு நியாயமானது எது என்பதிலிருந்து தொடங்குகிறார்கள். ஆணையமோ அந்தத் தொழிலாளர்கள் இன்று எந்த அவார்டுக்குள் இருக்கிறார்கள், மாற்றத்துக்குப் பின் எங்கே இருப்பார்கள் என்பதிலிருந்து தொடங்குகிறது.

2020ஆம் ஆண்டுப் பதிப்பாக உள்ள அவார்டுகளில் வரம்பு பொதுவாக 4ஆவது விதியில் இருக்கும். அதில் நான்கு இடங்களை நிதானமாக வாசிக்க வேண்டும். முதலாவது, தொழிலின் வரையறை. சில்லறை வணிக அவார்டு, தோட்டப்பயிர் அவார்டு போன்றவை தொழிலைக் கொண்டு வரம்பைக் கட்டுகின்றன. தனியார் துறை எழுத்தர் அவார்டு போன்றவை செய்யும் வேலையைக் கொண்டு கட்டுகின்றன. இரண்டாவது, பதவி வகைகள். முதலாளி அந்தத் தொழிலில் இருந்தால் மட்டும் போதாது, தொழிலாளியின் வேலையும் அவார்டின் அட்டவணையில் உள்ள வகை ஒன்றுக்குள் வர வேண்டும். மூன்றாவது, விலக்குகள். நான்காவது, ஆள்வழங்கும் நிறுவனங்களைப் பற்றிய வரி; பல அவார்டுகள், அந்தத் தொழிலுக்குள் ஆட்களை அனுப்பும் நிறுவனத்தையும், அங்கே பணியாற்றும் காலத்தில் அந்த ஆட்களையும் உள்ளே கொண்டுவருகின்றன. இந்தக் கடைசி வரியைத்தான் பலர் வாசிக்காமல் கடந்துவிடுகிறார்கள்.

ஒரே முதலாளிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட அவார்டுகள் பொருந்துவதுபோல் தோன்றினால், செய்யும் வேலைக்கும் அது வழக்கமாக நடைபெறும் சூழலுக்கும் மிகப் பொருத்தமான பதவி வகை எந்த அவார்டில் இருக்கிறதோ அதுவே செல்லும் என்று பெரும்பாலான அவார்டுகள் கூறுகின்றன. முதலாளியின் தொழில் எது என்பதை அந்த நிறுவனத்தின் முதன்மையான இயல்பைக் கொண்டும், தொழிலாளியின் வகை எது என்பதை அவர் எந்த முதன்மை நோக்கத்துக்காக வேலைக்கு வைக்கப்பட்டார் என்பதைக் கொண்டும் பார்ப்பது நிலைபெற்ற வழக்கம். எந்த வேலையில் எத்தனை மணி நேரம் செலவாகிறது என்ற கணக்கு உதவும், ஆனால் அது மட்டுமே விடையாகாது. சிட்னியின் வென்ட்வொர்த்வில் பக்கம் ஒரு மளிகைக் கடை, ஒரு மூலையில் தோசைக்கல்லும் நான்கு மேசைகளும் போட்டால், சில்லறை வணிகம், துரித உணவு, உணவகம் ஆகிய மூன்று அவார்டுகளும் போட்டிக்கு வரக்கூடும். அங்கே தேவைப்படுவது முதலில் சரியான வாசிப்பு. வரம்பு மாற்றம் அன்று.

இன்னொரு வேறுபாட்டையும் மனத்தில் கொள்ள வேண்டும். அவார்டின் வரம்புக்குள் இருப்பது ஒன்று, அவார்டு ஒருவர் விஷயத்தில் நடைமுறையில் செயல்படுவது வேறொன்று. முதலாளியும் தொழிலாளர்களும் செய்துகொண்ட நிறுவன ஒப்பந்தம் நடப்பில் உள்ள இடத்தில் அவார்டு நேரடியாகச் செயல்படாது. உயர் வருமான வரம்புக்கு மேல் ஆண்டு ஊதிய உத்தரவாதம் பெற்றவருக்கும் அப்படியே. ஆயினும் ஒப்பந்தத்தின் அடிப்படை ஊதியம் அவார்டின் அடிப்படை ஊதியத்துக்குக் கீழே போகக் கூடாது என்பதாலும், புதிய ஒப்பந்தத்தை ஏற்கும்போது அவார்டோடு ஒப்பிட்டே தொழிலாளர்களின் நிலை மேம்பட்டதா என்று பார்க்கப்படுவதாலும், அங்கும் வரம்பு மாற்றத்தின் தாக்கம் உண்டு.

சுயதொழில் ஒப்பந்தக்காரர்களை வரம்புப் பிரிவின் வழியாக அவார்டுக்குள் கொண்டுவர முடியாது. செயலி வழியே வேலை பெறும், தொழிலாளியை ஒத்த நிலையில் உள்ளவர்களுக்கு 2024 ஆகஸ்ட் 26 முதல் குறைந்தபட்சத் தர ஆணைகளைப் பிறப்பிக்கும் அதிகாரம் ஆணையத்துக்குத் தனியாகத் தரப்பட்டுள்ளது. அவர்களுக்காகப் பேசுவோர் அந்த வழியில் செல்ல வேண்டும்.

எந்தப் பிரிவின் கீழ் கேட்பது?

நான்கு ஆண்டுக்கு ஒருமுறை எல்லா அவார்டுகளையும் மறுஆய்வு செய்யும் கட்டாயம் 2018இல் நீக்கப்பட்டது. ஆகவே, பொது மறுஆய்வு வரும்வரை காத்திருக்கலாம் என்ற எண்ணத்துக்கு இப்போது இடமில்லை. ஆணையம் தானாகவே முன்வந்து மாற்றலாம்; இல்லையேல் யாராவது விண்ணப்பிக்க வேண்டும்.

முதலாளியின் அல்லது அமைப்பின் பெயர் மாறியிருப்பது மட்டுமே சிக்கல் என்றால் 159ஆம் பிரிவு போதும். விதியின் சொற்கள் இருபொருள் படுகின்றன, தெளிவற்றுள்ளன அல்லது பிழையாக உள்ளன என்றால் 160ஆம் பிரிவு. இதற்கொரு சிறப்பு உண்டு: அசாதாரணமான சூழ்நிலை இருந்தால் முன்தேதியிட்டு மாற்றம் செய்ய இப்பிரிவில் மட்டுமே வாய்ப்பு இருக்கிறது. அதனாலேயே சிலர் உண்மையில் புதியவர்களைச் சேர்க்கும் கோரிக்கைக்குத் தெளிவுபடுத்தும் கோரிக்கை என்று பெயர் சூட்டிப் பார்க்கிறார்கள். எதிர்த்தரப்பு அதை எளிதில் கண்டுகொள்ளும். விண்ணப்பதாரரின் மற்ற வாதங்களும் அதனால் வலுவிழக்கும்.

சேர்ப்பது, நீக்குவது என்ற உண்மையான மாற்றங்களுக்கு 157ஆம் பிரிவே வழி. அம்மாற்றம் நவீன அவார்டுகளின் நோக்கத்தை அடைவதற்கு அவசியம் என்று ஆணையம் நிறைவடைய வேண்டும். அந்த நோக்கம் 134ஆம் பிரிவில் உள்ளது: குறைந்த ஊதியம் பெறுவோரின் தேவை, பாலினச் சமத்துவம், நிலையான வேலை கிடைப்பது, தொழில் நிறுவனங்களின் மீது விழும் சுமை முதலிய பல கூறுகள் அதில் அடங்கும். வரம்பு வழக்குகளில் மிகுந்த கனம் பெறுவது, எளிதில் விளங்கும், நிலையான, தேவையின்றி ஒன்றன்மேல் ஒன்று படியாத அவார்டு முறை வேண்டும் என்ற கூறு. "விரும்பத்தக்கது" வேறு, "அவசியமானது" வேறு என்று 2012இல் கூட்டாட்சி நீதிமன்றம் ஒரு சில்லறை வணிக வழக்கில் வேறுபடுத்திக் காட்டியது. அதுமுதல் ஆணையம் திரும்பத் திரும்ப அந்த வேறுபாட்டுக்கே வருகிறது.

அடுத்து 163ஆம் பிரிவு. யாரையாவது ஓர் அவார்டிலிருந்து வெளியே எடுப்பதானால், அவர்கள் தங்களுக்குப் பொருத்தமான வேறோர் அவார்டுக்குள் போய்ச் சேர்வார்கள் என்று காட்ட வேண்டும். மற்றெந்த அவார்டுக்குள்ளும் வராதவர்களுக்கான பல்வகை அவார்டை அதற்குக் காட்ட முடியாது. அதேபோல், புதிய அவார்டு ஒன்றே வேண்டும் என்று கேட்டால், இருக்கும் அவார்டு ஒன்றை விரித்துச் சேர்க்க முடியுமா என்று ஆணையம் முதலில் ஆராய்ந்தாக வேண்டும். உணவு விநியோகத்துக்கெனத் தனி அவார்டு வேண்டும் என்று மெனுலாக் நிறுவனம் 2021இல் கேட்டபோது, 2022 ஜனவரியில் ஆணையத்தின் முழு அமர்வு முதலில் சொன்னது, அதன் உணவு விநியோகிப்போர் ஏற்கெனவே சாலைப் போக்குவரத்து மற்றும் விநியோக அவார்டின் வரம்புக்குள் வருகிறார்கள் என்பதே. தொழில் புதியது என்று நிறுவினால் வழக்கு பாதி முடிந்தது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மேலும், பதவியின் தன்மையாலோ உயர்வாலோ மரபாக அவார்டுக்கு வெளியே இருந்துவரும் மேலாளர் போன்றோரைச் சேர்க்க 143ஆம் பிரிவே தடை விதிக்கிறது.

யார் விண்ணப்பிக்கலாம் என்பதை 158ஆம் பிரிவின் அட்டவணை சொல்கிறது. வரம்பைக் குறுக்க, ஏற்கெனவே உள்ளே இருக்கும் முதலாளி, தொழிலாளி, அமைப்பு அல்லது அவர்களின் சார்பில் பேச உரிமை பெற்ற அமைப்பு கேட்கலாம். விரிக்க, மாற்றத்தால் உள்ளே வரப்போகிறவர்களும் அவர்களின் பிரதிநிதி அமைப்பும் கேட்கலாம். தொழிற்சங்கமோ முதலாளிகள் சங்கமோ தன் பதிவு விதிகளின்படி அந்த வகையினரைச் சேர்க்க உரிமை உண்டா என்பதை முன்கூட்டியே சரிபார்த்துக்கொள்வது நல்லது.

சொற்களை எழுதுதல்

விண்ணப்பத்தோடு, அவார்டில் எந்தச் சொல்லை நீக்கி எந்தச் சொல்லைச் சேர்க்க வேண்டும் என்ற வரைவு ஆணையையும் கொடுங்கள். இதைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளுவது பெரும் தவறு. சொல்லாக எழுதிப் பார்க்கும்போதுதான் கோரிக்கை எவ்வளவு தூரம் நீள்கிறது என்பது தெரியவரும்.

தோட்டப்பயிர் அவார்டு இதற்கு நல்ல பாடம். அதன் முந்தைய வரையறை விளைநிலங்களையும் காய்கறித் தோட்டங்களையும் சார்ந்து நின்றது. விளைந்ததைப் பண்ணைக்கு வெளியே, வேறோர் ஊரில் உள்ள கொட்டகையில் கழுவி, தரம் பிரித்து, பொதி கட்டும் தொழிலாளர்கள் அதற்குள் வருவார்களா, கிடங்கு அவார்டுக்குள் போவார்களா என்ற சண்டை மூண்டது. நான்காண்டு மறுஆய்வில் வரையறை மாற்றப்பட்டு, வேலை நடக்கும் இடத்துக்குப் பதிலாக, பயிர் விளைவிப்பதைத் தன் வணிகத்தின் முக்கியப் பகுதியாகக் கொண்ட நிறுவனம் என்பதோடு தொடர்பு கட்டப்பட்டது. இடத்தை அளவுகோலாக வைத்தால் ஒரே வேலையைச் செய்யும் இருவர் வேலியின் இரு பக்கமும் வெவ்வேறு ஊதியம் பெறுவார்கள்; நிறுவனத்தை அளவுகோலாக வைத்தால், பயிரே விளைவிக்காமல் பிறருக்காகப் பொதி கட்டும் நிறுவனம் வெளியே நிற்கும். இரண்டில் எது உங்கள் தொழிலுக்குப் பொருந்தும் என்பதை உண்மையான பத்துப் பன்னிரண்டு வேலையிடங்களை ஒவ்வொன்றாக வரைவில் வைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். உள்ளே வரக் கூடாதவர்களையும் அதே போல வைத்துப் பாருங்கள்.

வரையறையை மாற்றிவிட்டுப் பதவி வகைகளைத் தொடாமல் விடுவது இன்னொரு குறை. புதிதாக வருபவரின் வேலையை அட்டவணையில் எந்த வகையும் விவரிக்கவில்லை என்றால், தொழிலின் வரையறை எவ்வளவு அகன்றிருந்தாலும் அவர் வெளியேதான். புதிய வகையைச் சேர்த்தால் அதற்கு ஊதிய விகிதம் வேண்டும். அப்போது வேலையின் தன்மை, அதற்கு வேண்டிய திறனும் பொறுப்பும், அது செய்யப்படும் நிலைமை ஆகிய வேலை மதிப்புக் காரணங்களை நிறுவ வேண்டியிருக்கும். பக்கத்து அவார்டின் விலக்குப் பட்டியலையும் அதே நேரத்தில் மாற்றக் கோராவிட்டால் இரண்டு அவார்டுகள் ஒரே ஆளின் மேல் படியும். பல சமயங்களில் ஒரு விண்ணப்பம் இரண்டு அவார்டுகளுக்கான இரண்டு வரைவுகளாக இருப்பதே சரி.

தாக்கலும் விசாரணையும்

அவார்டை மாற்றுவதற்கான எஃப்46 படிவத்தில், அவார்டின் பெயரையும் எண்ணையும் (சில்லறை வணிகத்துக்கு எம்ஏ000004, தோட்டப்பயிருக்கு எம்ஏ000028 என்பதுபோல்), எந்தப் பிரிவின் கீழ் கோருகிறீர்கள் என்பதையும், காரணங்களையும் எழுதித் தாக்கல் செய்ய வேண்டும். ஆணையம் அதை வெளியிட்டு, தொடர்புடைய சங்கங்களின் கருத்தைக் கேட்கும். ஆவணங்களைக் கொடுக்கும் தேதிகளை வகுக்கும். தாக்கல் செய்வதற்கு முன்பே எதிர்த்தரப்புச் சங்கங்களோடு வரைவைப் பகிர்ந்து பேசியவர்கள், விசாரணையில் தகராறு உள்ள இரண்டு மூன்று சொற்களை மட்டும் வாதிட்டால் போதும் என்ற நிலையை எட்டிவிடுவார்கள்.

சாட்சியத்தில் பொதுக் கருத்தைவிட வேலையின் விவரமே எடுபடும். மேலாளர் ஒருவரும், அந்த வேலையைச் செய்யும் தொழிலாளர் சிலரும் தம் வேலைநாளை விவரிக்கும் வாக்குமூலங்கள், பணி விவரக் குறிப்புகள், பணி அட்டவணைகள், இப்போது எந்த அவார்டின்படி ஊதியம் தரப்படுகிறது என்று காட்டும் பதிவுகள் ஆகியவை வேண்டும். மாற்றத்தால் யாருக்கேனும் ஊதியம் அல்லது படி குறையும் என்றால் அதை நீங்களே முதலில் சொல்லி, அதற்கான இடைக்கால ஏற்பாட்டையும் முன்வையுங்கள்.

ஆணை வந்த பின்

160ஆம் பிரிவின் விதிவிலக்கைத் தவிர, மாற்றம் ஆணை பிறப்பித்த நாளுக்கு முன்பிருந்து செல்லாது. குறிப்பிட்ட நாளன்று அல்லது அதற்குப் பின் தொடங்கும் முதல் முழு ஊதியக் காலத்திலிருந்து அது ஒவ்வொரு தொழிலாளிக்கும் நடப்புக்கு வரும். எனவே ஊதிய மென்பொருளில் விகிதங்களை நடுவாரத்தில் மாற்ற வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொருவரையும் புதிய அவார்டின் எந்தப் பதவி வகையில் வைப்பது என்பதை அதற்கு முன்பே தீர்மானித்து எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும். விடுப்பு, கூடுதல் நேரம் ஆகியவற்றின் விதிகள் அவார்டுக்கு அவார்டு வேறுபடுவதால், மணிநேர விகிதத்தை மட்டும் மாற்றி நிறுத்திவிடுவது குறைவூதியத்தில் முடியும். வேண்டுமென்றே குறைத்துக் கொடுப்பது 2025 ஜனவரி 1 முதல் குற்றவியல் குற்றமும் ஆகும்.

மேற்கு ஆஸ்திரேலியாவில் தனிநபர் உரிமை, கூட்டாண்மை போன்ற, கம்பெனியாகப் பதியப்படாத தனியார் வணிகங்கள் மாநில முறைக்குள்ளேயே இருப்பதால், மேலே சொன்ன மாற்றம் அவர்களைத் தொடாது; அவர்கள் அந்த மாநிலத்தின் தொழில் உறவு ஆணையத்தின் அவார்டுகளைப் பார்க்க வேண்டும். உங்கள் வேலையிடத்துக்கு ஆட்களை அனுப்பும் நிறுவனங்களுக்கும் புதிய வரம்பை உடனே தெரிவித்துவிடுங்கள். அவர்களின் ஊதியப் பட்டியலும் அதே ஊதியக் காலத்தில் மாற வேண்டும்.