கதை முந்துமுன்: பார்ட்டிக்குப் போன பிள்ளை வீடு திரும்பாதபோது செய்யவேண்டியவை

பிறந்தநாள் பார்ட்டிக்குப் போன பதினேழு வயதுப் பிள்ளை விடிய ஆறு மணியாகியும் வரவில்லை. ஏழு மணிக்கு அம்மா சிநேகிதர்களின் வீடுகளுக்குப் போன் எடுக்கிறா. எட்டரைக்குள் பிள்ளையின் படம் பழைய மாணவர் வட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிடும். பத்து மணிக்கு, ‘வானில ஏத்திக்கொண்டு போனதாம்’ என்ற குரல் பதிவு ரொறன்ரோவைச் சுற்றி யாழ்ப்பாணத்துக்கே திரும்பி வரும். தேடலும் கதையும் ஒரே வாசலில் இருந்துதான் புறப்படுகின்றன, ஆனால் கதைக்குக் கால் நீளம்.

அதை மறுத்து மறுத்துப் பதில் போடுவதில் வேலை ஆகாது. வீட்டுக்காரரிடம் எழுதி வைத்த நேரக்கணக்கு ஒன்றும், ஊருக்குப் போகும் அறிவித்தல் ஒன்றும், பேசுகிற வாய் ஒன்றும் இருந்தால் கதைக்கு இடம் குறையும். மூன்றும் முதல் இரண்டு மணித்தியாலத்துக்குள் செய்யக்கூடியவை.

கொப்பி

பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றை எடுத்துப் பக்கத்தை மூன்றாகக் கோடு போடுங்கள்: நேரம், என்ன நடந்தது, சொன்னவருக்கு அது எப்படித் தெரியும். மூன்றாவது கட்டம்தான் உயிர். ஒரு பக்கம் இப்படி இருக்கும்:

இரவு 11.20 – கேக் வெட்டும் படத்தில் நிற்கிறார் – படம், சிநேகிதன் ஒருவரின் போனில்
12.05 – ஒழுங்கை முகப்பில் போன் கதைத்தபடி நின்றார் – பக்கத்து வீட்டு ஆச்சி நேரில் கண்டது
12.30 – கோண்டாவில் பக்கம் மோட்டார் சைக்கிளில் போனார் – ‘ஆரோ சொன்னது’

மூன்றாவது வரிக்குக் கீழே பென்சிலால் கோடு போடுங்கள். அந்த ‘ஆரோ’ யார் என்று பெயர் தெரியும்வரை அது செய்தி அல்ல. அப்படிப் பார்த்தால் இங்கே உறுதியான கடைசி நேரம் 12.05, உறுதியான கடைசி இடம் ஒழுங்கை முகப்பு. தேடல் அங்கிருந்து தொடங்க வேண்டும், கோண்டாவிலில் இருந்து அல்ல.

பார்ட்டிக்கு வந்த பிள்ளைகள் வாய் திறக்காததற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: போத்தல் இருந்திருக்கும். 2006 ஆம் ஆண்டின் இலங்கைச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மதுபானம் விற்க முடியாது. ஆர் வாங்கித் தந்தது என்ற கேள்விக்குப் பயந்தே, ‘பத்து மணிக்கே போயிட்டான்’ என்று பொய் நேரம் சொல்வார்கள். அந்த ஒரு பொய் முழு நேரக்கணக்கையும் குழப்பிவிடும். எனவே ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே, தகப்பன்மார் பக்கத்தில் நில்லாமல் கேளுங்கள். முதல் வசனமே இதுவாக இருக்கட்டும்: ‘தம்பி, குடிச்ச கதை எனக்கு வேண்டாம், அவனைக் கடைசியா எப்ப கண்டனீ எண்டு மட்டும் சொல்லு.’

படங்களை வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பச் சொல்லாதீர்கள். அப்படி அனுப்பினால் படம் எடுத்த நேரமும் இடமும் அழிந்துபோகும். ‘டொக்கியூமென்ற்’ ஆக அனுப்பினால் அவை தங்கும். மூலப்படத்தை ஒருவரும் அழிக்கக்கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

பொலிஸ்

24 மணித்தியாலம் பொறுக்க வேண்டும் என்று சட்டத்தில் எதுவும் இல்லை. அப்படிச் சொல்லித் திருப்பி அனுப்பப் பார்த்தால், ‘18 வயதுக்குக் குறைந்த பிள்ளை’ என்பதை அழுத்திச் சொல்லி, சிறுவர், பெண்கள் பணியகப் பிரிவின் உத்தியோகத்தரைக் கேளுங்கள். அவசரத்துக்கு 119, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைக்கு 1929. முறைப்பாட்டை ஏற்க மறுத்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996.

கையில் கொண்டு போகவேண்டியவை: முகம் தெளிவாகத் தெரியும் அண்மைப் படம், அடையாள அட்டை இலக்கம், அன்றிரவு போட்டிருந்த உடுப்பின் விபரம், போன் இலக்கம், போன் பெட்டி. போனை அடையாளம் காட்டும் ஐ.எம்.ஈ.ஐ. எண் பெட்டியில் 15 இலக்கத்தில் இருக்கும். பெட்டியை எறிந்துவிட்டால் வாங்கிய ரசீதில் தேடுங்கள். வாக்குமூலம் உங்களுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதப்பட்டிருந்தால், வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வைக்காதீர்கள். முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் கொப்பியில் எழுதிக்கொண்டுதான் வெளியே வரவேண்டும், பிறகு கதை வரும்போது ஒவ்வொன்றையும் அந்த இலக்கத்தோடு சேர்த்துத்தான் கையளிப்பீர்கள்.

காணாமற்போனோர் பற்றிய அலுவலகம் இதற்கான இடம் அல்ல. போர்க்காலத்தில் ஆட்கள் வெள்ளை வானில் கடத்தப்பட்டுக் காணாமற்போன இந்த மண்ணில் ‘காணவில்லை’ என்ற சொல்லுக்கு வேறொரு கனம் இருக்கிறது. அறிவித்தலில் அந்தச் சொல் விழுந்தவுடன் பழைய பயமெல்லாம் எழும்பிவிடும், வெள்ளை வான் கதை அங்கிருந்துதான் வருகிறது. ‘வீடு திரும்பவில்லை’ என்று எழுதுங்கள்.

கிட்டத் தேடுங்கள்

2022 ஓகஸ்டில் கலிபோர்னியாவின் ட்ரக்கிப் பகுதியில் நூறுக்கு மேற்பட்டோர் கூடிய பார்ட்டியில் இருந்து ஒரு பதின்ம வயதுப் பெண் வீடு திரும்பவில்லை. கடத்தல் என்று இணையம் முழுக்கக் கதை. இரண்டு வாரம் கழித்து, பார்ட்டி நடந்த இடத்துக்குக் கிட்டவிருந்த நீர்த்தேக்கத்தில், கரையில் இருந்து கொஞ்சத் தூரத்திலேயே அவரது கார் தண்ணீருக்குள் கிடந்தது. 2024 யூனில் ஸ்பெயினின் தெனரீஃப் தீவில் இசைவிழாவுக்குப் போன பிரித்தானிய இளைஞர் விடயத்திலும், இணையத் துப்பறிவாளர்கள் விமானம் ஏறி அங்கேயே போய் இறங்கினார்கள். யூலை 15 அன்று உடல் கிடைத்ததோ, கடைசியாகப் போன் வேலைசெய்த பகுதியின் பள்ளத்தாக்கில். விபத்து மரணம் என்று 2025இல் மரண விசாரணை முடிந்தது.

யாழ்ப்பாணத்துக்கு இதை மொழிபெயர்த்தால் முதலில் வருவது கிணறு. கோண்டாவில், உரும்பிராய், நீர்வேலிப் பக்கத் தோட்டக் கிணறுகள் பலவற்றுக்குக் கட்டு முழங்காலளவுகூட இல்லை. பார்ட்டி வளவில் இருந்து வீடு வரையான குறுக்குப் பாதையில் உள்ள ஒவ்வொரு கிணற்றையும் பாருங்கள். பகலில் முகக் கண்ணாடியால் வெயிலைத் தெறிக்கவிட்டால் ரோர்ச்சை விடத் தெளிவாக அடி தெரியும். ஏதும் தென்பட்டால் நீங்கள் இறங்கவேண்டாம், பொலிஸுக்கு எடுங்கள். அடுத்து, ஆளில்லாத வீடுகள், பனங்கூடல், வடலிக்குள் விழுந்து கிடக்கக்கூடிய மோட்டார் சைக்கிள், மதகு, வாய்க்கால். பண்ணைப் பக்கம் பார்ட்டி என்றால் கடலேரிக் கரை.

அதே நேரத்தில் ஒருவர் ஆஸ்பத்திரிகளுக்கு எடுக்கட்டும்: யாழ். போதனா, தெல்லிப்பழை, பருத்தித்துறை, சாவகச்சேரி. பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கேட்டால் ‘இல்லை’ என்றுதான் வரும். மயக்கத்தில் கொண்டுவரப்பட்டவருக்குப் பதிவில் பெயர் இராது. ‘நேற்று இரவு 11 மணிக்குப் பிறகு அடையாளம் தெரியாத இளம் ஆள் ஆரும் வந்தவையோ’ என்று கேளுங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸில் ஏற்றப்பட்டவரும் இப்படித்தான் இருப்பார்.

பார்ட்டி வீட்டைச் சுற்றியுள்ள சி.சி.ரி.வி. பதிவுகளை அன்றே கேளுங்கள். வட்டு நிரம்பியதும் பெட்டி பழையதன் மேல் எழுதிக்கொண்டு போகும், சில கடைகளில் ஒரு கிழமை தாங்காது. கமராப் பெட்டியின் மணிக்கூடு பெரும்பாலும் பிழை. திரையில் ஓடும் நேரமும் உங்கள் போன் நேரமும் ஒன்றாகத் தெரியும்படி ஒரு படம் எடுத்து, வித்தியாசத்தைக் கொப்பியில் குறியுங்கள். பதிவைப் பென் டிரைவில் பிரதி எடுக்கவேண்டும். திரையைப் போனால் படம்பிடித்து ரிக்ரொக்கில் போட்டால், மங்கிய ஓர் உருவத்தைப் பார்த்து ஊரே ஆளுக்கொரு பெயர் சொல்லும்.

போன் சொல்வதும் சொல்லாததும்

பிள்ளையின் போனுக்கு ஆளுக்கு ஆள் மாறி மாறி எடுக்காதீர்கள், இருக்கிற பற்றரியும் போய்விடும். மணிக்கு ஒரு குறுஞ்செய்தி போதும்: ‘கோபம் இல்லை, எங்க நிக்கிறாய்?’ அந்த இலக்கத்துக்குச் சிறு தொகை ரீலோட் போட்டு விடுங்கள். வீட்டுக் கணினியில் பிள்ளையின் கூகுள் கணக்குத் திறந்திருந்தால் போனைத் தேடும் வசதியில் இடம் பார்க்கலாம், கடவுச்சொல்லை ஊகித்து ஊகித்துப் போட்டுக் கணக்கைப் பூட்டிவிடாதீர்கள். தொலைபேசி நிறுவனம் கோபுரத் தகவலைக் குடும்பத்துக்குத் தராது, அது பொலிஸ் வழியாகத்தான்.

வட்ஸ்அப்பில் ஒற்றைச் சரி விழுந்தால் போன் நிறுத்தப்பட்டது என்று முடிவு கட்டுகிறார்கள். டேற்றா இல்லாவிட்டாலும் ஒற்றைதான். இரட்டைச் சரி விழுந்தால் ‘உயிரோட இருக்கிறான், மறைஞ்சு நிக்கிறான்’ என்பார்கள். பிள்ளையின் கணக்கு வீட்டு மடிக்கணினியில் திறந்திருந்தாலும் இரட்டை விழும்.

எங்களுக்கே உரிய குழப்பம் ஒன்று உண்டு. ‘கடைசியாகப் பார்த்தது’ என்று காட்டும் நேரம் பார்ப்பவரின் ஊர் நேரம். யாழ்ப்பாணத்தில் ஞாயிறு அதிகாலை 12.40 என்றால், கோடையில் ரொறன்ரோவில் சனி பிற்பகல் 3.10. கனடாச் சித்தப்பா அந்த ஸ்கிரீன்ஷொட்டைக் குழுவில் போட, ‘சனி மத்தியானத்தோட போன் செத்திட்டுது, பார்ட்டிக்கே போகேல்லை, சிநேகிதர் எல்லாம் பொய்’ என்று அரை மணித்தியாலத்தில் ஒரு கதை முழுதாகத் தயாராகிவிடும். கோடையில் ரொறன்ரோவுக்கு ஒன்பதரை, இலண்டனுக்கு நாலரை, பாரிசுக்கு மூன்றரை மணித்தியாலம் கூட்டுங்கள். குளிர்காலத்தில் இன்னும் ஒன்று. வெளிநாட்டில் இருந்து வரும் எந்த ஸ்கிரீன்ஷொட்டையும் இலங்கை நேரத்துக்கு மாற்றாமல் கொப்பியில் ஏற்றாதீர்கள்.

அறிவித்தல்

ஒன்றே ஒன்று. படத்துக்குள்ளேயே எழுத்து இருக்கவேண்டும். தனியாக எழுதினால் இரண்டாம் கையில் எழுத்து உதிர்ந்து படம் மட்டும் அலையும். இவ்வளவு போதும்:

‘[திகதி] சனி இரவு 12.05க்குப் பிறகு வீடு திரும்பவில்லை. வயது 17, உயரம் 5 அடி 6 அங்குலம், நீலக் கட்டம் போட்ட சேட், கறுப்பு டெனிம். கண்டவர்கள் இந்த இலக்கத்துக்கு அல்லது பொலிஸுக்கு அறிவிக்கவும். பகிர்வதற்கு முன் மேலே உள்ள திகதியைப் பார்க்கவும்.’

பாடசாலைப் பெயர், பார்ட்டி வைத்த வீடு, கூட இருந்தவர்களின் பெயர், வீட்டு விலாசம் எதுவும் வேண்டாம். பார்ட்டி வீட்டின் பெயர் வெளியே போனால் அன்றிரவே அந்த வாசலில் ஆட்கள் நிற்பார்கள். கோபம் கூடினால் எங்கே முடியும் என்பதற்கு, புங்குடுதீவு மாணவி கொலையை அடுத்து 2015 மே 20 அன்று யாழ்ப்பாண நீதிமன்றத்துக்கு விழுந்த கல் ஒன்றே போதும்.

தாய் தகப்பனின் இலக்கத்தைப் போடாதீர்கள். புதுச் சிம் ஒன்று வாங்கி, அழாமல் கதைக்கக்கூடிய மாமாவிடமோ பெரியம்மாவிடமோ கொடுங்கள். ‘பிள்ளை எங்களிட்ட நிக்குது, காசு போடு’ என்றும் அந்த இலக்கத்துக்கு அழைப்பு வரும். அதற்காகவே ஓர் அடையாளத்தை அறிவித்தலில் சேர்க்காமல் வைத்திருங்கள், எந்தக் கையில் என்ன நிறக் கோயில் நூல் கட்டியிருக்கிறார் என்பது போல. சொல்லத் தெரியாதவரிடம் மேலே கதைக்க ஒன்றும் இல்லை, இலக்கத்தைப் பொலிஸுக்குக் கொடுங்கள்.

பேஸ்புக்கில் ஒரே கணக்கில் போட்டு, மற்றவர்களை ‘பகிர’ மட்டும் கேளுங்கள். மூலப்பதிவை அழித்தால் பகிர்ந்த பதிவுகளிலும் படம் மறைந்துவிடும். படத்தைச் சேமித்துத் தாங்களே போடுபவர்களிடம் இருந்து அதை மீட்க வழி இல்லை.

குழுவை நடத்துபவருக்கு

பெண் பிள்ளை என்றால் ‘ஓடிட்டாள்’, ஆண் பிள்ளை என்றால் ‘தூள்’ அல்லது வாள்வெட்டுக் குழு. இந்த மூன்று கதையும் தயாராகக் கிடக்கின்றன, பெயரை மட்டும் மாற்றிப் போடுகிறார்கள். இரட்டை அம்புக்குறியோடு வரும் செய்தி குறைந்தது ஐந்து கைமாறி வந்தது. அனுப்பியவரைக் கேட்டால் அவருக்கும் தெரியாது. குழு நிர்வாகி மற்றவர் போட்ட செய்தியையும் எல்லோருக்கும் அழிக்கலாம். அழிக்குமுன் ஸ்கிரீன்ஷொட் எடுத்துக் குடும்ப இலக்கத்துக்கு அனுப்புங்கள், ஏனென்றால் பத்தில் ஒன்றில் உண்மைத் துளி இருக்கலாம். பிறகு அறிவித்தலை மட்டும் விட்டு, நிர்வாகிகள் மட்டும் எழுதும்படி குழுவை மாற்றுங்கள். ‘ஆரும் நேரில் கண்டிருந்தால் அந்த இலக்கத்துக்கு எடுங்கோ, இங்க எழுதவேண்டாம்’ என்ற ஒரு வரி போதும்.

ஒரு பையனின் படத்தைப் போட்டு ‘இவன்தான் கடைசியாகக் கூட்டிக்கொண்டு போனது’ என்று வந்தால் பொறுக்கவேண்டாம், உடனே அழியுங்கள். 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தில் பொய்யான கூற்றுகளைப் பரப்புவது குற்றம். அது நல்ல சட்டமா என்பது வேறு வழக்கு, ஆனால் அந்தப் பையனுக்கும் 17 வயதுதான். பாலியல் குற்றம் நடந்ததாகச் சந்தேகம் எழுந்தால் பாதிக்கப்பட்டவரின் பெயரோ படமோ எங்கேயும் நிற்கக்கூடாது, முன்பு குடும்பமே போட்டதாக இருந்தாலும் கழற்றவேண்டும்.

கிடைத்த பிறகு

மூலப்பதிவை அழித்துவிட்டு ஒரு வரி போடுங்கள்: ‘பிள்ளை பாதுகாப்பாக இருக்கிறார், தேடியவர்களுக்கு நன்றி.’ எங்கே, ஏன், ஆரோடு என்று எழுதினால் அடுத்த கதை அதில் இருந்து முளைக்கும். பொலிஸுக்குப் போய் முறைப்பாட்டை முடித்து வாருங்கள். அந்தச் சிம்மை மட்டும் ஒரு மாதம் அணைக்காமல் வைத்திருங்கள். வட்ஸ்அப்பில் படம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். வவுனியாவில் இருந்தோ வெம்பிளியில் இருந்தோ ஆரும் எடுத்தால், ‘ஓம், வந்திட்டார், அழிச்சுவிடுங்கோ’ என்று சொல்ல ஒருவர் இருக்கவேண்டும்.