மார்கழிப் பனியில் பச்சைக் குழந்தை: சூடு தருகிறோம் என்று செய்யும் தவறுகள்

கோபிப் பக்கம் மார்கழியில் விடியும்போது எதிரே இருக்கிற வாய்க்கால் மேடுகூடத் தெரியாது. அவ்வளவு பனி இறங்கும். என் மகன் பிறந்தது அப்படியொரு மார்கழியில்தான். ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா வீட்டுக்கு வந்த அன்றே, அம்மாவைப் பெற்ற அம்மிச்சி சாம்பிராணிச் சட்டியோடு உட்கார்ந்திருந்தார். "பனிக்குப் பொறந்த கொழந்தை கண்ணு, பொகை காட்டலீன்னா நெஞ்சுல சளி கட்டிக்கும்" என்றார்.

அவர் பயத்தில் நியாயம் உண்டு. பச்சைக் குழந்தைக்கு நம்மைப்போல உடம்பை நடுக்கிச் சூடு உண்டாக்கத் தெரியாது. தோளுக்கு நடுவிலும் கழுத்தைச் சுற்றியும் இருக்கிற ஒருவகைக் கொழுப்பை எரித்துத்தான் சமாளிக்கிறது. உடம்புச் சூடு 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியசுக்குள் இருக்க வேண்டும். ஈரமும் காற்றும் பட்டால் மளமளவென்று இறங்கிவிடும். ஆனால் புகை அந்தச் சூட்டைத் தராது. குழந்தை நிமிஷத்துக்கு 40, 50 தடவை மூச்சு விடுகிறது, அதுவும் பெரும்பாலும் மூக்கு வழியாகவே. அந்தச் சின்ன மூக்குத் துவாரம் வழியாகப் புகை போனால் வராத சளியும் வரும். தலை ஈரம் காய வேண்டும் என்பதுதானே விஷயம்? துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய வேட்டித் துணி போதும். எங்கள் வீட்டில் சாம்பிராணி சாமி ரூமோடு நின்றது. அம்மிச்சி இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை, அப்புறம் சரியாகிவிட்டார்.

குளிப்பாட்டுவதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. தண்ணி வாக்க வரும் ஆத்தா காலை நீட்டி உட்கார்ந்து, நீட்டிய கால்கள்மேல் குழந்தையைக் கிடத்தி, செம்பு செம்பாக ஊற்றுவார். ஆறு மணிக்கே, பனி கலையும் முன்னால். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் தண்ணீர் நின்ற அடுத்த நொடி, துண்டைத் தேடி எட்டுகிற அந்த இடைவெளியில், குழந்தையின் பாதம் நீலம் பாரிப்பதை நான் பார்த்திருக்கிறேன். பத்து, பதினொரு மணிக்கு வெயில் ஏறிய பிறகு குளிப்பாட்டுங்கள். கதவு, ஜன்னலைச் சாத்திவிடுங்கள். துண்டும் சட்டையும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். சில நிமிஷத்தில் முடித்து, முதலில் தலையைத் துவட்டுங்கள். பச்சைக் குழந்தைக்கு உடம்போடு பார்த்தால் தலை பெரிசு, சூடு அங்கே நிறையப் போகும். தினமும் தலைக்கு ஊற்ற வேண்டியதில்லை, ஈரத்துணியால் துடைத்தாலே போதும். பிறந்து 24 மணி நேரம் குளிப்பாட்டவே வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, வாயால் ஊதிச் சளி எடுப்பது இரண்டும் வேண்டவே வேண்டாம். அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கிவிடலாம்.

ஊட்டி, கோத்தகிரிப் பக்கம் சம்பந்தம் பண்ணியவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அங்கே டிசம்பர், ஜனவரியில் புல்மேல் உறைபனி வெள்ளையாகப் படியும். அந்தக் குளிருக்கு அடுப்புக்கரி கணப்பை மூடிய அறைக்குள் வைத்துத் தூங்கினால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு சேரும். அதற்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. மலைப்பக்கம் இப்படித் தூக்கத்திலேயே உயிர்கள் போயிருக்கின்றன. கைக்குழந்தை இருக்கிற அறைக்குள் கரி நெருப்பு வரவே கூடாது.

நேர் எதிரான தவறும் உண்டு. ஸ்வெட்டர், குல்லா, கையுறை, அதற்குமேல் கனமான சென்னிமலைப் போர்வை. பாவம், குழந்தை உள்ளே வேர்த்துக் கிடக்கும். நாம் போடுவதைவிட ஒரு அடுக்கு கூடுதலாகப் பருத்தித் துணி போட்டால் போதும். தூங்கும்போது மல்லாக்கப் படுக்க வையுங்கள். முகத்தருகே போர்வையோ தலையணையோ இருக்கக் கூடாது. சூடு சரியா என்று அறிய எனக்கு ஒரு நர்ஸ் சொல்லித்தந்த வழி: புறங்கையால் வயிற்றையும் பாதத்தையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் கதகதப்பாக இருந்தால் நல்லது. வயிறு சூடாக, பாதம் மட்டும் சில்லென்று இருந்தால் குழந்தைக்குக் குளிர்கிறது. இரண்டுமே சில்லிட்டிருந்தால் அது ஆபத்து. பிடரி வேர்த்திருந்தால் ஒரு துணியைக் கழற்றுங்கள்.

குளிர்கிறது என்றால் என்ன செய்வது? குழந்தையின் சட்டையைக் கழற்றிவிட்டு அம்மாவின் வெறும் நெஞ்சோடு அணைத்து, இருவரையும் சேர்த்துப் போர்த்திவிடுங்கள். 1978-ல் கொலம்பியாவின் போகோட்டா நகரில், இன்குபேட்டர் போதாத ஓர் ஆஸ்பத்திரியில் டாக்டர் எட்கர் ரே எடை குறைந்த குழந்தைகளுக்குத் தொடங்கிய முறை இது. கங்காரு பராமரிப்பு என்று இன்று நம் அரசு ஆஸ்பத்திரிகளிலும் சொல்லித் தருகிறார்கள். அப்பாவின் நெஞ்சும் ஆகும். என் வீட்டுக்காரர் முதல் தடவை கூச்சப்பட்டார். பத்து நிமிஷத்தில் மகன் அவர் மார்பிலேயே தூங்கிப்போனான். அதற்கப்புறம் ராத்திரி இரண்டு மணிப் பங்கு அவருடையது.

சேனை வைக்கிறேன் என்று தேனோ சர்க்கரைத் தண்ணியோ நாக்கில் தடவாதீர்கள். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டாதீர்கள், முதல் தடுப்பு மருந்தே அதுதான். ஆறு மாசம் தாய்ப்பால் மட்டும், ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை. குளிரில் குழந்தை தூங்கிக்கொண்டே இருந்தால் எழுப்பிக் கொடுங்கள். 'பச்சை உடம்புக்காரி, குழந்தைக்குச் சளி பிடிக்கும்' என்று தாய்க்குத் தண்ணியையும் பழத்தையும் நிறுத்துவது எனக்கு மிகவும் வருத்தம் தரும் வழக்கம். அவளுக்குத்தான் இப்போது கூடுதலாக வேண்டும்.

பார்க்க வருகிறவர்களுக்கு இருமல் இருந்தால் "வாசல்லயே பாத்துட்டுப் போயிருங்க, கோவிச்சுக்காதீங்க" என்று வீட்டில் மூத்தவர் யாராவது சொல்லட்டும். பிள்ளை பெற்றவள் வாயால் சொல்ல முடியாது.

பால் குடிக்க மறுத்தாலோ, நிமிஷத்துக்கு 60-க்கு மேல் மூச்சு விட்டாலோ, மூச்சிழுக்கும்போது விலா உள்ளே குழிந்தாலோ, தொட்டும் அசையாமல் துவண்டு கிடந்தாலோ, வலிப்பு வந்தாலோ, அணைத்தும் உடம்பு சில்லென்றே இருந்தாலோ கை வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். பனியில் வண்டி ஊர்ந்துதான் போகும், அதனால் ஆஸ்பத்திரி வாசல் வரும்வரை குழந்தை தாயின் நெஞ்சோடு ஒட்டியே இருக்கட்டும்.