வாயு அழுத்தச் சமன்பாட்டை நீங்களே வருவிக்கும் முறை

சிங்கப்பூரின் தொடக்கக் கல்லூரிகளில் எச்2 நிலை இயற்பியல் படிக்கும் மாணவர்களில் பலர், வாயுவின் அழுத்தத்தை மூலக்கூறுகளின் வேகத்துடன் இணைக்கும் இயக்கவியற் கொள்கைச் சமன்பாட்டை மனப்பாடமாகச் சொல்லிவிடுகிறார்கள். அதில் வேகம் ஏன் வர்க்கமாக வருகிறது, மூன்றில் ஒரு பங்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் தயங்குகிறார்கள். இரண்டுக்கும் விடை வருவித்தலிலேயே இருக்கிறது.

ஒரு மூலக்கூறு பெட்டியின் சுவருக்கும் எதிர்ச்சுவருக்கும் இடையே தடையின்றிப் போய்வருவதாகக் கொள்வது வழக்கம். உங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் மின்தூக்கியில் அப்படி ஒரு பயணம் நடப்பதே இல்லை. அங்குள்ள காற்றில் ஒரு மூலக்கூறு மற்றொன்றுடன் மோதுவதற்கு முன் கடக்கும் தூரம், சராசரியாக, ஒரு மில்லிமீட்டரின் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆகவே சுவரை ஒட்டிய மெல்லிய அடுக்கிலிருந்து தொடங்குங்கள்.

மிகச் சிறிய கால இடைவெளி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சுவருக்குச் செங்குத்தான திசைவேகக் கூறு எவ்வளவோ, அதைக் கால இடைவெளியால் பெருக்கிய தடிமனுள்ள அடுக்கில் இருந்து சுவரை நோக்கி வரும் மூலக்கூறுகள் மட்டுமே அந்நேரத்துக்குள் சுவரை எட்டும். மீட்சி மோதலில், அதாவது வேகம் குறையாமல் திரும்பும் மோதலில், ஒவ்வொன்றும், நிறையையும் அக்கூறையும் பெருக்கி வரும் உந்தத்தைப் போல் இரு மடங்கைச் சுவருக்குக் கொடுக்கும். எத்தனை மூலக்கூறுகள் வருகின்றன என்பதில் ஒரு முறையும், ஒவ்வொன்றும் எவ்வளவு வலுவாக மோதுகிறது என்பதில் மறுமுறையும் அதே கூறு வருவதால்தான் வர்க்கம் பிறக்கிறது. சமநிலையில் பாதி மூலக்கூறுகள் சுவரை விட்டு விலகிச் செல்வதால், உந்தத்தில் வந்த இரண்டு நீங்கிவிடும். சுவரின் ஓரலகுப் பரப்பு ஓரலகு நேரத்தில் பெறும் உந்தமே அழுத்தம்.

அடுத்து, எத்திசைக்கும் தனிச் சலுகை இல்லை என்பதால், மூன்று திசைக் கூறுகளின் வர்க்கச் சராசரிகளும் சமம். ஒவ்வொன்றும் மொத்த வேக வர்க்கச் சராசரியில் மூன்றில் ஒரு பங்கு. எனவே:

அழுத்தம் × கனஅளவு = ⅓ × மூலக்கூறுகளின் எண்ணிக்கை × ஒரு மூலக்கூறின் நிறை × வேக வர்க்கங்களின் சராசரி

இங்கே கவனம் தேவை. 300, 500, 700 என்ற வேகங்களின் சராசரி 500. வர்க்கங்களின் சராசரிக்கு மூலம் கண்டால் ஏறத்தாழ 526; இதுவே சராசரி இருமடி மூல வேகம். சமன்பாட்டில் வர்க்கமாக வருவது இரண்டாவது.

இதை நல்லியல்பு வாயுச் சமன்பாட்டுடன் (அழுத்தம் × கனஅளவு = மூலக்கூறுகளின் எண்ணிக்கை × போல்ட்ஸ்மன் மாறிலி × கெல்வின் வெப்பநிலை) ஒப்பிட்டால், ஒரு மூலக்கூறின் சராசரி இயக்க ஆற்றல், போல்ட்ஸ்மன் மாறிலியும் கெல்வின் வெப்பநிலையும் சேர்ந்த பெருக்கத்தின் ஒன்றரை மடங்கு என்று கிடைக்கும். 31 பாகை செல்சியஸ் சிங்கப்பூர்ப் பிற்பகலில் நைட்ரஜனின் சராசரி இருமடி மூல வேகம் வினாடிக்குச் சுமார் 520 மீட்டர்.

அவ்வளவு வேகமென்றால், தாழ்வாரத்தின் மறுமுனையில் பிளந்த டுரியானின் மணம் நம்மை அடைய ஏன் நேரமாகிறது? இதே வகைக் கேள்வியை டச்சு அறிஞர் பைஸ் பாலட் எழுப்ப, மூலக்கூறுகள் அடிக்கடி மோதித் திசைமாறுகின்றன என்று ஜெர்மானிய இயற்பியலாளர் கிளாசியஸ் 1858இல் மோதல்களுக்கு இடைப்பட்ட சராசரித் தூரம் என்ற கருத்தால் விடையளித்தார். நாம் எடுத்த அடுக்கின் தடிமன் அத்தூரத்தைவிட மிகக் குறைவாக இருக்குமாறு கால இடைவெளியைத் தேர்ந்தால், அடுக்குக்குள் நிகழும் மோதல்களைப் புறக்கணிக்கலாம். வருவித்தலின் தொடக்கத்திலேயே இந்த நிபந்தனையை எழுதிவிடுங்கள்.