குளிர்காலத்தில் கேஸ் பில் எகிறுகிறதா? பாய்லரைப் பாருங்கள்

இங்கிலாந்தில் காம்பி பாய்லர் (தொட்டி இல்லாமல் ரேடியேட்டரையும் குழாய் வெந்நீரையும் சூடாக்கும் கேஸ் பாய்லர்) உள்ள வீடு என்றால், தெர்மோஸ்டாட்டைத் தொடுவதற்கு முன் பாய்லரில் ரேடியேட்டர் படம் போட்ட குமிழைப் பாருங்கள். ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரின் சூட்டை அதில்தான் வைப்பார்கள், பெரும்பாலும் 70, 80 டிகிரியில் இருக்கும். அதை 60-க்கு இறக்குங்கள், ஏனென்றால் ரேடியேட்டர்களைச் சுற்றித் திரும்பி வரும் தண்ணீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் புகையில் உள்ள நீராவி குளிர்ந்து தண்ணீராகி, வெளியே வீணாகப் போகும் சூட்டைப் பாய்லர் திரும்பப் பிடிக்கும். வீடு சூடாகக் கொஞ்சம் நேரம் கூடும், அவ்வளவுதான். தனி வெந்நீர்த் தொட்டி உள்ளவர்கள் 65-க்குக் கீழே போகாதீர்கள், நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமி தொட்டியில் வளரலாம்.

அப்புறம், ஆளில்லாத அறையின் ரேடியேட்டர் வால்வைக் குறையுங்கள், கதவிடுக்கை அடையுங்கள். வயதானவர்கள் இருக்கும் அறை மட்டும் 18 டிகிரிக்குக் கீழே இறங்கவே கூடாது. பில் கட்ட முடியவில்லையா, ஹீட்டரை அணைத்துவிட்டு நடுங்காதீர்கள், கேஸ் நிறுவனத்தைக் கூப்பிட்டு உங்களால் கட்ட முடிந்த தவணையைக் கேளுங்கள்.