ஜைட்கைஸ்ட் உங்கள் லினக்ஸில் ஓடுகிறதா? அழிக்கும் முன் இதைச் செய்யுங்கள்

பாளையங்கோட்டையில் வக்கீலாக இருக்கும் மதினிக்கு, கட்சிக்காரர்களின் விவரம் எதுவும் வெளியே போகக் கூடாது என்பதற்காகவே டெபியன் என்ற லினக்ஸைப் போட்டுக் கொடுத்திருந்தேன். போன வாரம் சிஸ்டம் மானிட்டரைப் பார்த்துவிட்டுப் போன் செய்தார். "தம்பி, ஜைட்கைஸ்ட் டீமன்னு ஒண்ணு ஓடுது, யாரும் வேவு பாக்காவளா?"

வைரஸ் இல்லை. எந்தக் கோப்பை எப்போது திறந்தோம் என்று குறித்து வைக்கும், டீமனாக, அதாவது பின்னணியில், ஓடும் திறமூல நிரல் அது. 2011இல் வந்த உபுண்டு 11.04 என்ற லினக்ஸ் பதிப்பில், யூனிட்டி டெஸ்க்டாப்பின் தேடல் பகுதியான டேஷ், சமீபத்திய கோப்புகளை இதைக் கேட்டுத்தான் காட்டியது. எழுதுவதெல்லாம் உங்கள் வட்டிலேயே இருக்கும். ஆனால் வட்டைக் குறியாக்கம் செய்யாமல் வைத்திருந்து லேப்டாப் தொலைந்தால், எடுத்தவர் கையில் உங்கள் நாட்குறிப்பே கிடைத்த மாதிரிதான்.

உடனே அழிக்காதீர்கள், முதலில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஹோம் ஃபோல்டரில் கண்ட்ரோல், எச் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் மறைந்திருப்பவை தெரியும். புள்ளியில் தொடங்கும் லோக்கல், அதற்குள் ஷேர், அதற்குள் ஜைட்கைஸ்ட். அங்கே இருக்கும் ஆக்டிவிட்டி எஸ்க்யூலைட் என்ற தரவுத்தளக் கோப்பை நகலெடுத்து, அந்த நகலை, இத்தகைய கோப்புகளை வாசிக்கும் டிபி பிரவுசர் செயலியில் திறங்கள்.

அப்புறம், அதை யார் கூட்டி வந்தது? டெர்மினலில், ஒரு பொதி (நிறுவும் நிரல் தொகுப்பு) வேறு எவற்றுக்குத் தேவை என்று காட்டும் ஏபிடி ஆர்டிபெண்ட்ஸ் கட்டளையை, நிறுவியவற்றை மட்டும் காட்டும் இன்ஸ்டால்டு விருப்பத்தோடு, ஜைட்கைஸ்ட் கோர் என்ற பொதிக்கு ஓட்டுங்கள். மதினி கணினியில் அது டயோடான். மனுக்களில் ஒரே பத்தியைத் திரும்பத் திரும்ப ஒட்ட வேண்டியிருக்கிறதே என்று அவரே போட்ட கிளிப்போர்டு மேலாளர். டயோடான் தன் வரலாற்றை ஜைட்கைஸ்ட்டில்தான் சேமிக்கும், அதாவது திறந்த கோப்பின் பெயர் மட்டுமல்ல, நகலெடுத்த வரிகளே அங்கே கிடக்கும். பேங்க் பாஸ்வேர்டை நகலெடுத்திருந்தால் அதுவும்தான். எனக்கு உண்மையிலேயே கவலை வந்தது இதைப் பார்த்துத்தான். அப்படி எதுவும் கண்ணில் பட்டால் அந்தப் பாஸ்வேர்டை அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

சரி, இனி நீக்கலாம். சிஸ்டம் மானிட்டரில் நிறுத்தினால் போதாது, வேறொரு செயலி கேட்டதும், செயலிகளுக்கிடையே செய்தி கடத்தும் டி பஸ் அதைத் திரும்ப எழுப்பிவிடும். ஜைட்கைஸ்ட் கோர் பொதிக்கு, அதை முழுதாக நீக்கும் ஏபிடி பர்ஜ் கட்டளையைக் கொடுங்கள். ஆம் என்று சொல்லும் முன் கூடவே எவையெல்லாம் போகின்றன என்ற பட்டியலை நிதானமாக வாசியுங்கள், மதினியிடம் டயோடானும் சேர்ந்து போனது. பர்ஜ் உங்கள் ஹோம் ஃபோல்டரைத் தொடாது. அதனால் லாக் அவுட் செய்து உள்ளே வந்து, அந்த ஜைட்கைஸ்ட் ஃபோல்டரையும் டிபி பிரவுசருக்காக எடுத்த நகலையும் ஷிஃப்ட் டெலீட் கொடுத்து நீங்களே அழிக்க வேண்டும், இல்லாவிட்டால் குப்பைத்தொட்டியில் உட்கார்ந்திருக்கும். க்னோம் டெஸ்க்டாப் என்றால் அதன் அமைப்புகளில் தனியுரிமைக்குள் கோப்பு வரலாற்றையும் அணைத்துவிடுங்கள், அது வேறு பதிவு.

பேக்கப்பை மறந்துவிடாதீர்கள். மதினி மாதாமாதம் ஹோம் ஃபோல்டரை அப்படியே ஒரு பென்டிரைவில் எடுத்துக் குமாஸ்தாவிடம் கொடுப்பார். வண்ணார்பேட்டையில் குமாஸ்தா வீட்டு அலமாரியில் இருந்த அந்தப் பென்டிரைவிலும் அதே கோப்பு இருந்தது.