வலி மாத்திரைப் பழக்கம்: முதல் டோஸை எப்போது கொடுப்பது

கம்பத்திலிருந்து குமுளிப் பக்கம் ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்களில், இடுப்புவலிக்குத் தொடங்கிய டேபென்டடால் என்ற அபின்வகை வலி மாத்திரையை விட முடியாமல் தவிப்பவர்கள் உண்டு. நிறுத்திய 8 முதல் 12 மணி நேரத்தில் கொட்டாவி, மூக்கொழுகல். 2, 3ஆம் நாள்தான் உச்சம். ஒரு வாரத்தில் உடம்பு அடங்கும். தூக்கம் திரும்ப இன்னும் நாளாகும்.

எங்களுக்குப் பிசகியது, இந்தத் தவிப்பைத் தணிக்கக் கொடுக்கும் புப்ரெனார்பின் என்ற மருந்தில். தவிப்பதைப் பார்க்கச் சகிக்காமல் சீக்கிரமே கொடுத்தோம். அரைமணியில் வாந்தி, நடுக்கம், எல்லாம் இரட்டிப்பு. மூளையில் மருந்து ஒட்டும் இடங்களான ஏற்பிகளில் இருக்கும் பழைய மருந்தை இது தள்ளிவிட்டு உட்காரும், ஆனால் பாதி வேலைதான் செய்யும்.

அடுத்தமுறை டாக்டர் சொன்னபடி கடைசி மாத்திரைக்குப்பின் 12 மணி நேரத்துக்குமேல் காத்திருந்தோம். கையில் மயிர்க்கூச்சு, விரிந்த கண்மணி, வியர்வை தெரிந்த பிறகே நாக்கடியில் வைத்தோம். விழுங்கக் கூடாது, கரைய 5 முதல் 10 நிமிடம் ஆகும். பேதிக்கு ஓஆர்எஸ், ஒரு லிட்டர் தண்ணீருக்கான பொட்டலத்தைக் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாக.

ஒன்றை மறக்காதீர்கள். வலி மாத்திரையைச் சில நாள் விட்டவர் பழைய அளவையே மறுபடி போட்டால் மூச்சு நின்றுவிடலாம், உடம்பின் தாங்குசக்தி இறங்கியிருக்கும். கூப்பிட்டால் எழாமல், மூச்சு மந்தமாகி உதடு நீலமானால் உடனே 108. போதைமீட்பு ஆலோசனைக்கு 14446, இலவசம்.