பவர் டேபிள் போடும் தம்பிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பவர் டேபிள், அதாவது மின் தையல் மிஷின் வைத்து ஆர்டருக்குத் தைத்துக் கொடுக்கும் யூனிட், போடப் போகிறீர்களா? கணக்கு எழுதுவது, ஜிஎஸ்டி கட்டுவது பற்றியெல்லாம் உங்கள் ஆடிட்டரே சொல்லிவிடுவார். திருப்பூர் வளர்ந்ததில் சொந்தபந்தத்தில் புரட்டிய பணத்துக்கும் வாய்வார்த்தைக்கும் பெரிய பங்கு உண்டு. உங்களுக்கும் முதல் ஆர்டர் அப்படித்தான் வரும். ஆனால் நின்றுபோன பாக்கியை வசூலிக்க அந்த நம்பிக்கை உதவாது. அங்கே சட்டம்தான் வேண்டும், சட்டம் காகிதம் கேட்கும்.

கையெழுத்து வாங்காமல் பீஸ் அனுப்புவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னமும் ஆத்திரம் வருகிறது. புதிதாக யூனிட் போட்ட ஒரு தம்பி, மாமா முறையாகிற பார்ட்டிக்கு டீஷர்ட் தைத்துக் கொடுத்தான். சரக்கோடு அனுப்பிக் கையெழுத்து வாங்க வேண்டிய டெலிவரி சலான் புக் மேஜையிலேயே கிடந்தது. "கையெழுத்துக் கேட்டா, நம்பிக்கை இல்லையான்னு கேட்பாருங்ண்ணா" என்றான். மூன்று மாதமாகப் பேமெண்ட் வரவில்லை. நேரில் போனால், தையலில் டேமேஜ், பாதிதான் தர முடியும் என்றார்கள். பீஸ் எந்தத் தேதியில் போனது என்று காட்ட இவனிடம் ஒரு துண்டுச்சீட்டு இல்லை. சனிக்கிழமை சம்பளம் போட மிஷினை விற்றான்.

குறு, சிறு தொழில்களுக்காக 2006இல் வந்த சட்டம் இவன் பக்கம்தான் இருந்தது. சரக்கு சேர்ந்த 15 நாளுக்குள் எழுத்தில் குறை சொல்லாவிட்டால், சேர்ந்த அன்றே ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். அதிலிருந்து 15 நாளில் பணம் தர வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல் மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் ஏறும் கூட்டுவட்டி. இந்தச் சட்டப்படி பாக்கித் தகராறுகளை விசாரிக்கும் ஃபெசிலிடேஷன் கவுன்சில் உங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தால், அதை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போகிற பார்ட்டி முதலில் 75 சதவீதத்தைக் கட்டியாக வேண்டும். இத்தனையும் அந்தச் சலானில் இருக்கும் தேதியிலிருந்துதான் தொடங்குகிறது.

மாமாவிடம் கேட்கக் கூச்சமா? சரி, வண்டிக்காரரிடம் சலானைக் கொடுத்து, அவர்கள் குடோன் ஆளிடம் தேதி, கையெழுத்து, சீல் வாங்கிவரச் சொல்லுங்கள். மாமா மனமும் நோகாது.

உத்யம் பதிவைத் தள்ளிப்போடுவது

உத்யம் என்பது குறு, சிறு தொழில் என்று மத்திய அரசிடம் செய்யும் பதிவு. முதல் பீஸ் போவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது.

பில்லில் உத்யம் எண் போடாதது

2023-24 கணக்கு ஆண்டு முதல், கெடு தாண்டிய உங்கள் பாக்கியை, பணம் கொடுத்த வருஷத்தில்தான் பார்ட்டி வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியும். எண் கண்ணில் பட்டால் மார்ச் மாதம் அவர்கள் ஆடிட்டரே நெருக்குவார்.

ஒரே பார்ட்டியிடம் தொங்குவது

கவுன்சிலுக்குப் போனால் அடுத்த ஆர்டர் வராது, ஊருக்குள் பேச்சு வேறு பரவும். இந்தப் பயம் பொய்யில்லை. சட்டம் கையில் இருந்தும் பலர் வாயை மூடிக்கொண்டிருப்பது இதனால்தான். மிஷின் ஓட இன்னொரு பார்ட்டியின் வேலையும் இருந்தால் மட்டுமே முதல் பார்ட்டியிடம் வட்டியோடு கேட்க முடிகிறது. அப்புறம், அந்த இன்னொருவர் உங்கள் மாமாவுக்குப் பங்காளியாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.